பீர் விற்கப் பாடிய பையன்கள்

1961 டிசம்பர் 9, சனிக்கிழமை இரவு. லண்டனுக்குத் தென்மேற்கே ஆல்டர்ஷாட் என்ற ராணுவ ஊர். அங்கிருந்த பலே நடன அரங்கின் மேடையில் லிவர்பூலிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் நின்றார்கள். மூன்று பேர் தோளில் கிடார், பின்னால் ஒருவர் டிரம்ஸில். எதிரே ரசிகர்கள் 18 பேர்.

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த சாம் லீச் உள்ளூர்ப் பத்திரிகைக்கு விளம்பரத்தையும் அதற்கான காசோலையையும் அனுப்பியிருந்தார். முன்பின் தெரியாத வெளியூர்க்காரரின் காசோலையை வாங்கப் பத்திரிகை தயங்கியது. விசாரிக்கலாம் என்றால் அவர் தொலைபேசி எண் கொடுத்திருக்கவில்லை. ஆகவே விளம்பரம் வரவே இல்லை. குழுவினர் நாள் முழுக்க வேனில் குலுங்கி வந்து இறங்கியபோது ஊரில் யாருக்கும் சேதி தெரியாது. பக்கத்துக் காப்பிக் கடைகளில் புகுந்து 'இலவசம்தான், வாருங்கள்' என்று அழைத்துச் சேர்த்த கூட்டம்தான் அந்த 18 பேர். லண்டனிலிருந்து ஏஜெண்டுகள் வந்து பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார் லீச். ஒருவரும் வரவில்லை. வாசித்து முடித்த பையன்கள் காலி அரங்கில் பந்து உதைத்து விளையாடிவிட்டுக் கிளம்பினார்கள்.

இத்தனைக்கும் ஒரு மாதத்துக்கு முன்புதான் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் நியூ பிரைட்டன் டவர் அரங்கில் இதே குழுவும் இன்னும் சில குழுக்களும் வாசித்த இரவில் ஏறக்குறைய 3,000 பேர் திரண்டிருந்தார்கள். ஏற்பாடு செய்தவரும் இதே லீச்தான். உள்ளூர் இசைக்குழுவின் விதி அது. ஊருக்குள் ராஜா, எல்லை தாண்டினால் யாரோ.

அந்தக் குழுவின் பெயர் பீட்டில்ஸ். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்காவில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர். ஆல்டர்ஷாட்டுக்கும் அதற்கும் இடையே சரியாக 26 மாதம். உலகம் அறிந்தது தொலைக்காட்சிக்குப் பிந்திய கதை. அதற்கு முந்தியது நிலவறைகளிலும் மதுக்கூடங்களிலும் நடந்த கதை. அங்கே இவர்கள் கலைஞர்கள் கிடையாது, கூலிக்கு வாசித்தவர்கள். கிளப் முதலாளிக்குத் தேவை பீர் விற்பனை. அதற்கு ஆள் கூட வேண்டும், கூடிய ஆள் வெளியே போகாமல் இருக்க வேண்டும், அதற்குச் சத்தம் வேண்டும். சத்தத்துக்கு மணிக்கணக்கில் கூலி. கலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத இந்த ஒப்பந்தத்திலிருந்துதான் அந்தக் கலை வந்தது.

குதிரைப் பந்தயத்தில் வந்த வீடு

முதல் மேடை ஒரு வீட்டின் நிலவறை. லிவர்பூலின் வெஸ்ட் டெர்பி பகுதியில் மோனா பெஸ்ட் என்ற பெண்மணி குடியிருந்த பெரிய பழைய வீடு அது. 1954 டெர்பி பந்தயத்தில் 'நெவர் சே டை' என்ற குதிரையின் மேல், நகையை அடகுவைத்துப் பணம் கட்டினார் மோனா. 33க்கு 1 என்ற விகிதத்தில் குதிரை ஜெயித்தது. அந்தப் பணத்தில்தான் வீடு வந்தது என்பது குடும்பம் சொல்லும் கதை. பிள்ளைகளின் நண்பர்கள் கூடட்டும் என்று 1959 ஆகஸ்ட் 29 அன்று நிலவறையில் 'கஸ்பா' காப்பி கிளப்பைத் திறந்தார். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், கென் பிரவுன் என்ற நால்வரும் 'குவாரிமென்' என்ற பெயரில் தொடக்க நாளில் வாசித்தார்கள். சுவருக்குச் சாயம் அடித்ததிலும் அவர்கள் கை உண்டு.

சம்பளம் இரவுக்கு 3 பவுண்டு, நால்வரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கென் பிரவுனுக்கு உடம்பு சரியில்லை. வாசிக்கவில்லை. ஆனாலும் அவர் பங்கான 15 ஷில்லிங்கை மோனா அவரிடமே கொடுத்துவிட்டார். வாசிக்காதவனுக்கு எதற்குப் பங்கு என்று மற்ற மூவரும் சண்டை போட்டு வெளியேறினார்கள். உலகில் எந்த ஊர்க் குழுவும் உடைவது இப்படித்தான். கொள்கைக்காக உடைந்த குழுக்களைவிடப் பங்குப் பணத்துக்காக உடைந்தவை அதிகம்.

மோனாவின் மகன் பீட் பெஸ்ட்டிடம் சொந்தமாக டிரம்ஸ் இருந்தது. மறு ஆண்டு, பீட்டில்ஸாக மாறியிருந்த அந்த மூவரும் அவனைத் தேடி வந்ததற்கு அதுவே போதுமான காரணம்.

இந்திரன் கிளப்பில் 48 இரவுகள்

1960இல் ஹாம்பர்க் துறைமுகத்தின் சாங்க்ட் பௌலி பகுதிக்கு ராக் அண்ட் ரோல் தேவைப்பட்டது. மாலுமிகள் இறங்கும் இடம். ரீப்பர்பான் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் மதுக்கூடங்கள், ஆடை அவிழ்ப்பு விடுதிகள், விலைமாதர் இல்லங்கள். உள்ளூரில் அந்தப் பாட்டை உருப்படியாக வாசிக்கக் குழு இல்லை. புருனோ கோஷ்மிடர் என்ற கிளப் முதலாளி, முன்னாள் சர்க்கஸ்காரர், ஆள் பிடிக்க லண்டனுக்கு வந்தார். அங்கே ஸோஹோவில் ஒரு காப்பி பாரில் லிவர்பூல் ஏஜெண்ட் ஆலன் வில்லியம்ஸைத் தற்செயலாகச் சந்தித்தார். வில்லியம்ஸ் முதலில் டெர்ரி அண்ட் தி சீனியர்ஸ் என்ற குழுவை ஹாம்பர்க்குக்கு அனுப்பினார். அடுத்து பீட்டில்ஸை அனுப்பப்போவதாகச் சொன்னபோது, இந்த உதவாக்கரைக் குழு வந்தால் எங்கள் பிழைப்பும் கெட்டுவிடும் என்று சீனியர்ஸ் ஆட்கள் முறையிட்டார்கள்.

வேறு நல்ல குழு கிடைக்காததால்தான் பீட்டில்ஸுக்கு அந்த வாய்ப்பு வந்தது. டிரம்ஸுக்கு ஆள் இல்லாமல், கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் பீட் பெஸ்ட்டைச் சேர்த்தார்கள். பேஸ் கிடார் லெனனின் ஓவியக் கல்லூரி நண்பர் ஸ்டூவர்ட் சட்க்ளிஃபிடம் இருந்தது. கண்காட்சியில் தன் ஓவியம் 65 பவுண்டுக்கு விற்ற தைரியத்தில் வாங்கிய கிடார் அது. வாசிக்க இன்னும் பழகியிருக்கவில்லை. ஹாரிசனுக்கு வயது 17.

1960 ஆகஸ்ட் 17 அன்று போய் இறங்கினார்கள். அன்றிரவே மேடை. கிளப்பின் பெயர் இந்த்ரா. பெயரைக் கேட்டால் நமக்கு தேவேந்திரன் நினைவுக்கு வருவார். வாசலில் தொங்கியதும் யானைப் பலகைதான். உள்ளே மட்டும் தேவலோகம் இல்லை. அதுவரை ஆடை அவிழ்ப்பு நடனம் நடந்துகொண்டிருந்த சின்ன இருட்டறை. வழக்கமான வாடிக்கையாளர்கள் பெண்ணைத் தேடி வந்து ஐந்து பையன்களைக் கண்டு கடுப்பானார்கள்.

கூலி ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க். வேலை வார நாட்களில் நாலரை மணி நேரம், சனிக்கிழமை ஆறு மணி நேரம். தங்க இடம், கோஷ்மிடருக்கே சொந்தமான பாம்பி கினோ என்ற பழைய திரையரங்கின் பின்புறச் சாமான் அறை. ஜன்னல் கிடையாது. அடுத்த அறை கழிப்பறை. குளிப்பதும் சவரம் செய்வதும் அங்கிருந்த குழாயின் குளிர்ந்த நீரில். இரவு முழுக்க வாசித்துவிட்டு வந்து படுத்தால், பகல் காட்சியின் வசனம் சுவரைத் தாண்டி வந்து எழுப்பும்.

ஊரில் அவர்கள் வாசித்து வந்தது ஒரு மணி நேரம். கைவசம் இருந்த பாட்டும் அந்த அளவுக்கே. இங்கே நாலரை மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது? சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், கார்ல் பெர்கின்ஸ் பாட்டெல்லாம் தீர்ந்ததும் இசைத்தட்டுகளின் பின்பக்கப் பாட்டு, நாடகப் பாட்டு, பழைய காதல் பாட்டு என்று கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். ரே சார்ல்ஸின் ஒரே பாட்டை இழுத்து இழுத்து நீட்டி வாசித்தார்கள். கோயில் கொடையில் விடிய விடிய மெல்லிசைக் கச்சேரி நடத்தும் நம்மூர்க் குழுக்களுக்கு இந்த வித்தை புரியும்: நள்ளிரவுக்கு மேல் பாட்டைவிட, கூட்டத்தை எழுந்து போகவிடாமல் உட்காரவைப்பதுதான் வேலை.

அதைத்தான் கோஷ்மிடரும் கேட்டார். அசையாமல் நின்று வாசித்தவர்களைப் பார்த்து 'மாஹ் ஷௌ!' என்று கத்துவார். ஏதாவது காட்டு, ஆடு, குதி. லெனன் குரங்குச் சேட்டை செய்தார், நொண்டினார், கீழே விழுந்து புரண்டார், ஜெர்மானியர்களை மேடையிலிருந்தே திட்டினார். பீட் பெஸ்ட் ஒவ்வொரு அடிக்கும் பெரிய டிரம்மை ஓங்கி மிதித்தார். தெருவில் போகிறவன் காலையும் அது இழுக்க வேண்டும். பாட்டு நன்றாக இருந்தால் மேஜை நிறையும், பீர் ஓடும். மோசமாக இருந்தால் அடுத்த கதவு நாலு அடி தூரம். விமர்சகர்கள் யாரும் தர முடியாத தீர்ப்பு, உடனுக்குடன்.

சத்தம் மாடியில் குடியிருந்தவரைத் தூங்கவிடவில்லை. புகார் போயிற்று. 48 இரவுகளோடு இந்த்ராவில் இசைக்குழுக் கச்சேரி நின்றது. அக்டோபர் 4 முதல் கோஷ்மிடர் அவர்களை அதே தெருவிலிருந்த தன் பெரிய கிளப்பான கைசர்கெல்லருக்கு மாற்றினார்.

அங்கே ஏற்கெனவே லிவர்பூலின் நம்பர் ஒன் குழுவான ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிகேன்ஸ் வந்திருந்தது. டிரம்ஸில் ரிங்கோ ஸ்டார். இரண்டு குழுவும் மாறி மாறி வாசித்தன. பீர்ப் பெட்டிகளின் மேல் பலகை அடுக்கிய மேடை அது. நல்ல மேடை கேட்டுப் பார்த்தார்கள், முதலாளி அசையவில்லை. சரி, உடைத்தால்தான் புதுசு வரும் என்று இரு குழுவும் பந்தயம் கட்டிக் குதித்தன. உடைத்தது ரோரி ஸ்டார்ம். புது மேடை வரவில்லை, 65 மார்க் அபராதம் வந்தது. பரிமாறுகிறவர்களே அங்கு அடியாட்களும். வம்பு செய்த குடிகாரன் எப்படி வெளியே போவான் என்பதை மேடையிலிருந்தபடி தினமும் பார்த்தார்கள்.

முதல் பயணம் முடிந்த விதம் இன்னும் அழகு. சம்பளம் அதிகம் தரும் டாப் டென் கிளப் பக்கம் பையன்கள் சாய்வது கோஷ்மிடருக்குத் தெரிந்துவிட்டது. 18 வயது ஆகாதவர்கள் இரவு 10 மணிக்கு மேல் அப்படிப்பட்ட இடங்களில் இருக்கக் கூடாது என்ற சட்டம் திடீரென்று போலீசாருக்கு நினைவு வந்தது. நவம்பர் 21 அன்று ஹாரிசன் நாடு கடத்தப்பட்டார். பாம்பி கினோவின் இருட்டுத் தாழ்வாரத்தில் சாமான் எடுக்க வெளிச்சம் வேண்டி எதையோ கொளுத்தினார்கள் மெக்கார்ட்னியும் பெஸ்ட்டும். தீவைப்பு என்று கோஷ்மிடர் புகார் கொடுத்தார். அவர்களுக்கும் அதே கதி. லெனன் தனியாக, கையில் காசில்லாமல் ஊர் வந்து சேர்ந்தார். ஆஸ்ட்ரிட் கிர்ஷர் என்ற இளம் புகைப்படக்காரரைக் காதலித்த சட்க்ளிஃப் அங்கேயே தங்கிவிட்டார். பீட்டில்ஸின் முதல் நல்ல புகைப்படங்கள் ஆஸ்ட்ரிட் எடுத்தவை.

டிசம்பர் 27 அன்று லிவர்பூலுக்கு அருகே லிதர்லண்ட் டவுன் ஹாலில் வாசித்தபோது கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. 'ஹாம்பர்க்கிலிருந்து நேரடியாக' என்று விளம்பரம் செய்திருந்ததால் ஜெர்மன்காரர்கள் என்று நினைத்த பலர், பையன்கள் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார்களே என்று வியந்தார்கள்.

இரண்டாவது பயணம் 1961 ஏப்ரல் முதல் ஜூலை வரை, டாப் டென்னில் 92 இரவுகள். வார நாளில் ஏழு மணி நேரம், வார இறுதியில் எட்டு. மணிக்கு 15 நிமிடம் ஓய்வு. இதை உடம்பு எப்படித் தாங்கியது என்பதற்கு இனிமையான பதில் இல்லை. உடல் எடையைக் குறைக்க விற்கப்பட்ட பிரெலூடின் மாத்திரை. பசியை அடக்கும், தூக்கத்தையும் விரட்டும். பீட் பெஸ்ட் தவிர மற்றவர்கள் விழுங்கினார்கள். கடின உழைப்பு என்று பின்னாளில் மேடைப் பேச்சாளர்கள் மெச்சுவதன் ஒரு பாதி இந்த மாத்திரை.

சட்க்ளிஃப் ஓவியத்துக்கே திரும்பினார். 1962 ஏப்ரலில், மூளையில் ரத்தக் கசிவால், 21 வயதில் ஹாம்பர்க்கிலேயே இறந்தார். அவர் விட்ட பேஸ் கிடார் இடத்துக்கு வந்த மெக்கார்ட்னி ஹாம்பர்க்கில் ஒரு ஹோஃப்னர் வாங்கினார். வயலின் வடிவம் இரு பக்கமும் சமம். அவர் இடதுகைக்காரர் என்பதால் எப்படிப் பிடித்தாலும் உறுத்தாது. 1972இல் திருடுபோன அந்த கிடார் அரை நூற்றாண்டு கழித்து அவரிடமே திரும்பியது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது.

ஒரு ஷில்லிங் மதியம்

ஹாம்பர்க்கில் விற்றது பீர். லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் மது விற்க உரிமமே இல்லை. அங்கே விற்றது மதிய இடைவேளை.

மாத்யூ தெருவில் பழக் கிடங்கு ஒன்றின் அடியில் செங்கல் வளைவுகள் கொண்ட நிலவறை. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு ஒதுங்கிய இடம். 1957 ஜனவரியில் ஆலன் சைட்னர் அதை ஜாஸ் கிளப்பாகத் திறந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் குவாரிமென் அங்கு வாசித்தபோது லெனன் ராக் அண்ட் ரோல் பாட்டை எடுக்க, அந்தக் கண்றாவியை நிறுத்து என்று சைட்னர் மேடைக்குச் சீட்டு அனுப்பினார். 1959இல் கிளப் ரே மெக்ஃபால் கைக்கு மாறியது. ஜாஸ் கேட்க வருகிறவர்கள் குறைய, அதே ராக் அண்ட் ரோல் உள்ளே வந்தது. பகல் 12 முதல் 2 வரை கச்சேரி. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். சுற்றியிருந்த அலுவலகங்களின் தட்டச்சுப் பெண்கள், கடைச் சிப்பந்திகள், கணக்கர்கள் சாப்பாட்டு நேரத்தில் படியிறங்கி வந்தார்கள். சூப், ரொட்டி, கோக் கிடைக்கும். 1961 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் என்ற பெயரில் அங்கே முதல் மதியம். குழு முழுவதற்கும் 5 பவுண்டு.

காற்றோட்டம் கிடையாது. நூற்றுக்கணக்கானோரின் வியர்வை ஆவியாகிக் கூரையில் படிந்து மேடைமேல் சொட்டும். ஈரம் ஏறி ஃபியூஸ் போகும், ஆம்ப்ளிஃபயர் ஊமையாகும். சரிசெய்யும் வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டும். கிண்டல் அடிப்பார்கள், முன்வரிசைப் பெண்ணின் சாண்ட்விச்சைக் கேட்பார்கள், ரொட்டி விளம்பரப் பாட்டைக்கூடப் பாடுவார்கள். அழுகிய பழம், கிருமிநாசினி, வியர்வை மூன்றும் கலந்த வாடை உடையோடு அலுவலகம் வரை போகும். மதியம் யார் எங்கே போனார் என்பது மேலாளருக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும்.

இந்த நிலவறையில் கூடியவர்களின் பட்டியலைப் பார்த்தால், ஒரு கிளப் எத்தனை பேரை உருவாக்குகிறது என்பது விளங்கும். மேல்கோட்டுகளை வாங்கி வைத்த பெண் பின்னாளில் பாடகி சில்லா பிளாக். வாசற்காவல் பார்த்த தொலைபேசி ஊழியர் மால் எவன்ஸ் உலகச் சுற்றுப்பயணங்களில் அவர்களுடைய வாத்தியங்களைச் சுமந்தார். மதியக் கூட்டத்தில் ஒருவரான தட்டச்சர் ஃப்ரீடா கெல்லி ரசிகர் மன்றத்தையே நடத்தினார். பழைய வேன் ஒன்றை வாங்கிக் குழுவை ஏற்றிப்போன கணக்கு மாணவர் நீல் ஆஸ்பினால் கடைசியில் அவர்களுடைய ஆப்பிள் நிறுவனத்துக்கே தலைவரானார். 1961 நவம்பர் 9 மதியம் கோட்டு சூட்டில் படியிறங்கி வந்த பக்கத்துத் தெரு இசைத்தட்டுக் கடைக்காரர் பிரையன் எப்ஸ்டீன், இரண்டரை மாதத்தில் மேனேஜரானார்.

உள்ளூர் ரசிகர்கள் உரிமை கொண்டாடவும் தெரிந்தவர்கள். 1962 ஆகஸ்டில் பீட் பெஸ்ட்டை நீக்கி ரிங்கோவைச் சேர்த்தபோது கேவர்னில் எதிர்ப்பு முழக்கம் எழுந்தது. கைகலப்பில் ஹாரிசனின் கண் கறுத்தது. தாயின் நிலவறையில் தொடங்கி இரண்டு வருடம் கூலிக்கு டிரம்ஸ் மிதித்த பீட்டுக்கு, இசைத்தட்டு வரும் நேரத்தில் வேலை போனது. அவரை நீக்கியதில் இசைக் காரணம் இருந்திருக்கலாம். மூன்று நண்பர்களும் நேரில் சொல்லாமல் எப்ஸ்டீனைவிட்டுச் சொல்லவைத்தது கோழைத்தனம்.

ஒரே நாளில் பத்துப் பாட்டு

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1962 டிசம்பரில் கேவர்னுக்கு வந்தார். முதல் ஆல்பத்தை அங்கேயே நேரடியாகப் பதிவு செய்யலாமா என்று பார்க்கத்தான் வந்தார். கல் வளைவில் எதிரொலி அதிகம் என்று கைவிட்டார். ஆனாலும் நேரடிக் கச்சேரிபோல ஒரே மூச்சில் பதிவு செய்யும் எண்ணத்தை விடவில்லை. 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் ஸ்டுடியோவில் காலை 10 மணிக்குத் தொடங்கி இரவு 10.45க்குள் பத்துப் பாட்டை முடித்தார்கள். மதியம் பொறியாளர்கள் சாப்பிட்டுத் திரும்பியபோது இவர்கள் பாலைக் குடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெனனுக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி முதல் முயற்சியிலேயே பாடி முடித்தார். அதே பாட்டு, ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் அதற்குச் சில வாரங்கள் முன்பு பதிவான நாடாவிலும் இருக்கிறது. ஏழு மணி நேரம் வாசித்துப் பழகியவர்களுக்கு ஸ்டுடியோ நாள் இன்னொரு வேலை நாள். அவ்வளவுதான்.

மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' புத்தகத்துக்குப் பிறகு, 10,000 மணி நேரம் பயின்றால் எவரும் மேதையாகலாம் என்பதற்கு ஹாம்பர்க்கை உதாரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கணக்கே இடிக்கிறது. பீட்டில்ஸ் வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன் முதல் இரண்டு பயணங்களையும் கூட்டி 918 மணி நேரம் என்கிறார். ஐந்து பயணங்களையும் சேர்த்தாலும் 1,100ஐ ஒட்டித்தான் வரும். அதைவிடப் பெரிய ஓட்டை, அதே மேடையில் மணிக்கணக்கில் வாசித்த மற்றவர்கள். டெர்ரி அண்ட் தி சீனியர்ஸ் கலைந்துபோனது. மேடையை உடைத்த ரோரி ஸ்டார்ம், ரிங்கோ போன பின் தேய்ந்து, 1972இல் 34 வயதில் இறந்தார். ஹாம்பர்க்கில் பீட்டில்ஸுக்கே ஆசான்போல இருந்த டோனி ஷெரிடனை இன்று அவர்களோடு சேர்த்துத்தான் நினைவுகூர்கிறார்கள். மணி நேரம் கையையும் குரலையும் தேற்றும். சொந்தமாகப் பாட்டெழுதும் இருவர் ஒரே குழுவில் அமைவதை எந்தக் கிளப்பாலும் ஏற்பாடு செய்ய முடியாது.

எல்லாக் கிளப்பும் நீண்ட நேரத்தைக் கேட்டதும் இல்லை. நியூயார்க்கின் பவரி தெருவில் ஹில்லி கிரிஸ்டல் 1973 டிசம்பரில் திறந்த சிபிஜிபி கிளப்பில் விதி வேறு: சொந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். வாசல் வசூல் குழுவுக்கு, பார் வசூல் முதலாளிக்கு. 1974 ஆகஸ்டில் அங்கு வந்த ரமோன்ஸ் குழு மொத்தப் பாட்டையும் 20 நிமிடத்துக்குள் அடித்து முடித்துவிட்டு இறங்கிவிடும். டெலிவிஷன், பாட்டி ஸ்மித், டாக்கிங் ஹெட்ஸ் எல்லாம் அந்த நாற்றம்பிடித்த அறையில் வளர்ந்தவர்கள். வாடகைத் தகராறு முற்றி 2006 அக்டோபர் 15 அன்று கிளப் மூடப்பட்டது. பிறகு அந்த இடத்தில் விலையுயர்ந்த ஆடைக் கடை வந்தது.

மூடும் கதவுகள்

கேவர்னுக்கும் நல்ல சாவு வாய்க்கவில்லை. 1963 ஆகஸ்ட் 3 அன்று பீட்டில்ஸ் அங்கே கடைசியாக வாசித்தபோது சம்பளம் 300 பவுண்டு. முதல் மதியத்தைப்போல 60 மடங்கு. வரும் கூட்டத்தைவிடச் செலவு ஏறியது. கழிவுநீர் வசதியைச் சரிசெய்யப் பணமில்லாமல் 1966 பிப்ரவரியில் திவாலானது. அதே ஜூலையில் பிரதமர் ஹரால்ட் வில்சனே வந்து மறுபடி திறந்துவைத்தார். 1973இல் சுரங்க ரயிலின் காற்றுப்போக்கிக்காக இடிக்கப்பட்டது. அந்தக் காற்றுப்போக்கி அங்கே கட்டப்படவே இல்லை. இன்று சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது 1984இல் பழைய செங்கல் சிலவற்றைக் கொண்டு மறுபடி கட்டியது.

சின்னக் கிளப்புகளின் இந்தக் கணக்கு பிரிட்டனில் இன்று மேலும் மோசம். அவற்றுக்காக 2014 முதல் இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பின் அறிக்கைப்படி, 2023இல் மட்டும் 125 இடங்கள் மூடின அல்லது கச்சேரியை நிறுத்தின. மிஞ்சியவற்றின் சராசரி லாபம் அந்த ஆண்டு அரை சதவீதம். பாத் நகரில் 45 ஆண்டு நடந்த மோல்ஸ் கிளப் அந்த டிசம்பரில் மூடியது. ரேடியோஹெட், ஒயாசிஸ் போன்ற குழுக்கள் பெயர் பெறும் முன் வாசித்த மேடை அது. வாடகை, மின்கட்டணம் எல்லாம் ஏறின. குடித்துக் கூத்தாடும் வழக்கம் இளைஞரிடம் குறைந்தது. உடம்புக்கு நல்லதுதான், பீர் லாபத்தில் கச்சேரிக்கு ஈடுகட்டிய கடைக்குத்தான் கெட்டது. போதாததற்கு, கிளப்புக்குப் பக்கத்தில் புதிதாக எழும் அடுக்குமாடியில் குடியேறுகிறவர்கள் சத்தம் என்று புகார் செய்கிறார்கள். இந்த்ராவில் நடந்ததேதான். ஒலித் தடுப்பைப் பிறகு வந்த கட்டடக்காரரே செய்ய வேண்டும் என்ற கொள்கை 2018இல்தான் இங்கிலாந்தின் திட்ட விதிகளில் ஏறியது.

கூலிக்கு வாசிக்கும் நேரம் சுருங்கியதுதான் இசைக்கு நேர்ந்த இழப்பு. இன்று ஒரு புதுக் குழுவுக்குச் சின்னக் கிளப்பில் கிடைப்பது அரை மணி, முக்கால் மணி. ஓர் இரவில் மூன்று நான்கு குழு. அடுத்த வாய்ப்பு எப்போதோ. ஃபியூஸ் போன பத்து நிமிடத்தில் கூட்டத்தைச் சிரிக்கவைக்கக் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பமே வருவதில்லை. 92 இரவு தொடர்ந்து யாரும் அமர்த்தப்போவதும் இல்லை. அந்தக் கொத்தடிமை வேலை திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நியாயமான கூலியுடன் மேடை நேரம் வேண்டும் என்பதே கோரிக்கை.

யார் கொடுப்பது? அரங்கங்களிலும் மைதானங்களிலும் பல ஆயிரம் பேருக்கு டிக்கெட் விற்பவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு ஒதுக்கட்டும் என்கிறது டிரஸ்ட். 2025இல் வெம்ப்ளியிலும் ஹல்லிலும் நடந்த கச்சேரிகளின் வருவாயில் 10 சதவீதத்தை கோல்ட்ப்ளே குழு தருவதாக அறிவித்தது. ராயல் ஆல்பர்ட் ஹாலும் பவுண்டுத் திட்டத்தில் சேர்ந்தது. பிரிட்டிஷ் அரசு, விரும்புகிறவர்கள் தரட்டும் என்ற அளவில் ஆதரவு காட்டுகிறது. பிரான்ஸில் கச்சேரி டிக்கெட் வசூலில் 3.5 சதவீதத்தைச் சட்டமே எடுத்து, தேசிய இசை மையத்தின் வழியே இசைத்துறைக்குத் திருப்பிவிடுகிறது. கேவர்ன்களில் விளைந்ததை மைதானங்களில் அறுவடை செய்கிறவர்களிடம் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. பிரான்ஸ் செய்வதுதான் சரி.